மரையிலிருந்து மரபணு வரை

மெக்கானிக்கல் படித்த நண்பர்களுக்கு இது தெரிந்த கதைதான். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கேயோ செய்த ஒரு போல்ட்டை வேறு எங்கேயோ செய்த நட்டில் திருகினால் ஏறிக்கொள்கிறது. இதில் என்ன அதிசயம் என்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படி ஏறாது. பட்டறைக்கு ஒரு மரை. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி பார்த்து, 1841-ல் மரைக்கோணம் 55 டிகிரி இருக்கட்டும் என்றார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864 ஏப்ரலில் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு கட்டுரை படித்தார். அவர் சொன்னது 60 டிகிரி. சாதாரணத் தொழிலாளியும் வெட்டிச் சரிபார்க்க முடிகிற கோணம் அதுதான் என்பது அவர் வாதம். ஆக இரண்டு நாட்டுக்கு இரண்டு மரை. இரண்டாம் உலகப் போரில் ஒருவர் ஸ்பேர் பார்ட் இன்னொருவர் இயந்திரத்தில் ஏறாமல் தவித்த பிறகு, 1948-ல்தான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. 1841-லிருந்து கணக்குப் போட்டால் 107 வருஷம்!

நடுவில் 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரமே தீப்பிடித்தது. பக்கத்து ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. வந்தவர்களின் ஹோஸ் இணைப்பு உள்ளூர்க் குழாயில் பொருந்தவில்லை. 1,500-க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. தண்ணீரும் இருந்தது, ஆளும் இருந்தார்கள். மரைதான் ஒத்துவரவில்லை.

சிந்தெடிக் பயாலஜி என்ற துறையைத் தொடங்கியவர்கள் தங்கள் பேச்சில் அடிக்கடி எடுத்துப்போடும் உதாரணம் இந்த மரைதான். செயற்கை உயிரியல் என்று தமிழில் சொல்கிறோம். ஏதோ பொம்மை உயிர் மாதிரி ஒலிக்கிறது, போகட்டும். பாக்டீரியா, ஈஸ்ட் போன்ற உயிர்களின் டி.என்.ஏ.வில், நாமே வரைந்த ஒரு சர்க்யூட்டைப் பொருத்தி வேலை வாங்குவதுதான் விஷயம். நான் பிழைப்பது சிப் வடிவமைப்பில். பயாலஜி கட்டுரையில் இவனுக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடாது. ஏன்னா, இந்தக் கதையின் முக்கிய ஆளே ஒரு கம்ப்யூட்டர்காரர்.

அவர் எம்.ஐ.டி.யின் டாம் நைட். லிஸ்ப் மெஷின் கட்டியவர்களில் ஒருவர். 1990-களில், நன்றாகப் பெயர் வாங்கிய பிறகு, இளநிலை மாணவர்களோடு உட்கார்ந்து பயாலஜி பாடம் கேட்டார். பிறகு கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ளேயே ஒரு சிறு உயிரியல் பரிசோதனைக்கூடத்தை அமைத்தார். அங்கே அவரைத் தொந்தரவு செய்தது ஒரே விஷயம். மரபணுப் பொறியியல் அப்போதே இருபது இருபத்தைந்து வருஷம் பழசு. 1982-லேயே பாக்டீரியாவில் தயாரித்த மனித இன்சுலின் மருந்துக்கடைக்கு வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் வேலையை ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்துச் செய்துகொண்டிருந்தார்கள். விட்வொர்த்துக்கு முந்தைய பட்டறை மாதிரி.

2000 ஜனவரியில் 'நேச்சர்' பத்திரிகையின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கார்ட்னர், கேன்டர், காலின்ஸ் மூவரும் பாக்டீரியாவுக்குள் ஒரு டாகிள் ஸ்விட்ச் கட்டியிருந்தார்கள். பிரின்ஸ்டனில் எலோவிட்ஸும் லைப்ளரும் ஒரு ஆஸிலேட்டர் கட்டியிருந்தார்கள். மூன்று மரபணுக்கள், ஒன்றை ஒன்று அடக்குகிற வட்டம். எலக்ட்ரானிக்ஸ் லேபில் நாம் மூன்று இன்வெர்ட்டரை வட்டமாகக் கோர்த்து ரிங் ஆஸிலேட்டர் செய்தோமே, அச்சு அசல் அதுதான். அப்படியானால் சர்க்யூட் கட்ட முடியும். அடுத்தவர் கட்டிய துண்டை எடுத்து நம் சர்க்யூட்டில் மாட்ட முடியுமா?

நைட் 2003-ல் இதற்கு ஒரு விடை எழுதினார். பயோபிரிக் என்று பெயர். அந்த யுக்தியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், அவ்வளவு அழகு.

டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட எழுத்து வரிசை வருகிற இடத்தில் மட்டும் வெட்டும் என்சைம்கள் உண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் முன்னால் ஈகோ ஆர் ஒன், எக்ஸ்பா ஒன் என்ற இரண்டு என்சைம்களின் வெட்டுமிடங்கள் இருக்கவேண்டும். பின்னால் ஸ்பீ ஒன், பி.எஸ்.டி. ஒன் என்ற இரண்டின் இடங்கள். இதுதான் ஸ்டாண்டர்டு. சூட்சுமம் நடுவில் இருக்கும் இரண்டில். எக்ஸ்பா வெட்டுவது டி-சி-டி-ஏ-ஜி-ஏ என்ற இடத்தில். ஸ்பீ வெட்டுவது ஏ-சி-டி-ஏ-ஜி-டி என்ற இடத்தில். இரண்டும் வெட்டினால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி ஒன்றேதான்: சி-டி-ஏ-ஜி. அதனால் இதன் நுனியும் அதன் நுனியும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் அந்த இடத்தில் உள்ள வரிசை ஏ-சி-டி-ஏ-ஜி-ஏ. இதை எக்ஸ்பாவும் வெட்டாது, ஸ்பீயும் வெட்டாது! மூட்டு நிரந்தரமாகிவிட்டது. ஒட்டிய ஜோடிக்கு வெளிப்பக்கத்தில் பழையபடி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு வெட்டுமிடங்கள் அப்படியே இருக்கின்றன. அதாவது இரண்டு செங்கல்லைச் சேர்த்தால் கிடைப்பதும் ஒரு செங்கல்தான். அதை இன்னொன்றோடு சேர்க்கலாம், அதை இன்னொன்றோடு.

இதை மாணவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணத்துக்கும் ஒரு முன்மாதிரி சிப் துறையில் இருந்தது. 1978-ல் லின் கான்வே எம்.ஐ.டி.யில் ஒரு பாடம் நடத்தினார். எளிய வடிவமைப்பு விதிகளைக் கொடுத்து மாணவர்களையே சிப் வரையவைத்து, ஃபேக்டரியில் செய்து வாங்கிக் கொடுத்தார். சிப் வரைவது சில கம்பெனிகளின் ரகசிய வித்தை என்ற நிலையை அந்தப் பாடம் உடைத்தது. அதே பாணியில் 2003 ஜனவரியில் எம்.ஐ.டி.யில் ஒரு குறுகிய கால வகுப்பு நடந்தது. 2004-ல் அது ஐந்து கல்லூரிகளின் போட்டியாயிற்று. ஐஜெம் என்று பெயர். அந்த வருஷம் டெக்சஸ் மாணவர்கள், வெளிச்சம் பட்டால் நிறம் மாறும் பாக்டீரியாவைப் பரப்பி, புகைப்படம் மாதிரி 'ஹலோ வேர்ல்டு' என்று எழுதிக் காட்டினார்கள். முதல் புரோகிராமில் நாம் எல்லோரும் அடித்த அதே இரண்டு வார்த்தை. பின்னாளில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் உட்பட பல நாட்டு மாணவர் அணிகள் அந்தப் போட்டிக்குப் போயின. அணிகள் செய்த பாகங்கள் எல்லாம் எண் போட்டு ஒரு பொதுக் கிடங்கில் சேர்ந்தன.

இங்கேதான் கதை திரும்புகிறது.

பயோபிரிக் மூட்டில் ஒரு தழும்பு மிஞ்சும். எட்டு எழுத்து. புரதத்துக்கான செய்தியை டி.என்.ஏ. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. எட்டு, மூன்றால் வகுபடாது. போதாக்குறைக்கு அந்தத் தழும்புக்குள் 'இங்கே நிறுத்து' என்ற மூன்றெழுத்தும் ஒளிந்திருந்தது. ஆகவே இரண்டு புரதத் துண்டுகளை நேராகச் சேர்க்க வழியில்லை. பாகத்தின் உட்புறத்தில் அந்த நான்கு வெட்டுமிடங்கள் வரவும் கூடாது. வந்தால் எழுத்தை மாற்றவேண்டும். சரி, இதற்கு என்ன செய்தார்கள்? ஆளுக்கு ஒரு திருத்திய ஸ்டாண்டர்டு கொண்டுவந்தார்கள். ஹார்வர்டில் ஒன்று, ஜெர்மனியின் ஃபிரைபுர்க் மாணவர்களிடமிருந்து ஒன்று, பெர்க்லியில் ஒன்று, நைட்டே இன்னொன்று. 55 டிகிரி, 60 டிகிரி சண்டை மறுபடியும்!

அந்தச் சண்டை முடியும் முன்பே களமே மாறிவிட்டது. 2008-ல் கோல்டன் கேட் என்ற முறை, 2009-ல் கிப்ஸன் முறை. தழும்பே இல்லாமல் பல துண்டுகளை ஒரே தடவையில் ஒட்டலாம். டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தாகக் கோர்த்துத் தரும் கம்பெனிகளின் விலையும் வருஷாவருஷம் இறங்கியது. வரிசையை அனுப்பினால் குப்பியில் பொருள் வரும். இந்த நிலையில் நுனி என்னவாக இருந்தால் என்ன? பயோபிரிக் காலம் முடிந்தது, இனி ஸ்டாண்டர்டே வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். மரை விஷயத்தில் அவர்கள் சொன்னது சரிதான் என்பது என் எண்ணம். ஆனால் பொருளைச் செய்வது சுலபமானதும், வரைபடம் எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பது வெளியே வந்தது.

உதாரணத்துக்கு, ஒரு கட்டுரையில் அருமையான சர்க்யூட் இருக்கிறது. நீங்கள் அதை உங்கள் கூடத்தில் மறுபடி கட்டிப்பார்க்க நினைக்கிறீர்கள். படம் இருக்கும். அம்புக்குறிகள் அழகாக இருக்கும். முழு எழுத்து வரிசை இருக்காது. 'இன்னாரிடமிருந்து பெற்ற பிளாஸ்மிடில் சிறு மாற்றம் செய்து' என்று ஒரு வரி. அந்த இன்னார் எழுதிய கட்டுரையைத் தேடினால், அதில் வேறொரு இன்னார். செய்த மாணவர் படிப்பு முடித்துப் போய்விட்டால், மிஞ்சுவது ஃபிரீசரில் ஒரு குப்பியும் அதன்மேல் மார்க்கர் பேனாவில் நாலு எழுத்தும். புதிதாகச் சேரும் மாணவருக்கு அதைப் புரிந்துகொள்ளவே மாதக்கணக்கு ஆகலாம். 2011-ல் ஜான் பெக்கூவும் பலரும் சேர்ந்து 'நேச்சர் பயோடெக்னாலஜி'யில் ஒரு கடிதம் எழுதினார்கள். செயற்கை டி.என்.ஏ. பற்றிக் கட்டுரை எழுதுபவர்கள் தயவுசெய்து முழு வரிசையையும் கொடுங்கள் என்பதுதான் சாரம். இதைக்கூட எழுதிக் கேட்கவேண்டியிருந்தது பாருங்கள்.

ஏற்கனவே ஜென்பேங்க் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. 1982-ல் லாஸ் அலமாஸில் தொடங்கிய தகவல் கிடங்கு அது. அதன் கோப்பு வடிவம்தான் இன்றும் எல்லா சாஃப்ட்வேருக்கும் தெரிந்த பொது மொழி. ஆனால் அது இயற்கையில் கண்டெடுத்ததைப் பதிவதற்காகச் செய்த படிவம். கட்டப்போவதை எழுத அதில் கட்டங்கள் போதாது. பெயர் போடும் இடத்தில் ஒருவர் 'பி-டெட்' என்பார். இன்னொருவர் 'டெட்-ஆர் புரோமோட்டர்' என்பார். ஐஜெம் பழக்கமுள்ளவர் 'ஆர்0040' என்று எண்ணைப் போடுவார். மூன்றும் ஒரே சாமான். மனிதனுக்குப் புரியும், கம்ப்யூட்டருக்கு மூன்று சாமான். நம் பிள்ளைப் பருவத்துத் தமிழ் கம்ப்யூட்டர் நினைவிருக்கிறதா? ஒரு அச்சகத்தில் அடித்த கோப்பை இன்னொரு அச்சகத்தில் திறந்தால் வாய்க்குள் நுழையாத குறியீடுகளாக வரும். அடித்தவரும் தமிழ்தான் அடித்தார், திறந்தவருக்கும் தமிழ் தெரியும். ஃபான்ட்டின் உள்கணக்கு வேறு, அவ்வளவுதான். யூனிகோடு பரவிய பிறகே அந்தத் தலைவலி குறைந்தது. டி.என்.ஏ. வடிவமைப்பாளர்கள் 2008 வரை நம் பழைய அச்சகங்கள் மாதிரிதான் இருந்தார்கள்.

அந்த வருஷம் ஏப்ரலில் சியாட்டிலில் ஒரு சிறு கூட்டம். கூட்டியவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் சாரோ. மைக்ரோசாஃப்ட் பணம் கொடுத்தது. சாரோவுக்கு இது புதிதல்ல. உயிர்வேதியியல் கணித மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ள எஸ்.பி.எம்.எல். என்ற மொழியை 2000-லிருந்து கால்டெக்கில் உருவாக்கிய குழுவில் இருந்தவர் அவர். சியாட்டிலில் பிறந்த குழந்தைக்கு முதலில் வைத்த பெயர் 'போபால்'. தற்காலிக பயோபிரிக் மொழி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்த உச்சரிப்பு வேறு எதையோ நினைவூட்டும். நல்லவேளை, பெயர் மாறியது. எஸ்.பி.ஓ.எல்., விரித்தால் சிந்தெடிக் பயாலஜி ஓப்பன் லாங்க்வேஜ். முதல் பதிப்பு 2011, இரண்டாவது 2015, மூன்றாவது 2020. சிம்பல்களுக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்டாண்டர்டு 2013-ல் வந்தது. புரோமோட்டருக்கு மடங்கிய அம்பு, ரைபோசோம் உட்காரும் இடத்துக்கு அரைவட்டம், டெர்மினேட்டருக்கு ஆங்கில டி எழுத்து. ரெசிஸ்டருக்கு ஸிக்ஸாக் கோடு என்பதைப்போல.

சிப் துறையில் இருப்பவருக்கு எஸ்.பி.ஓ.எல். சட்டென்று பிடிபடும். ஜென்பேங்க் கோப்பு லேஅவுட் மாதிரி, கடைசியில் ஃபேக்டரிக்குப் போகிற உருவம். எஸ்.பி.ஓ.எல். நெட்லிஸ்ட் மாதிரி. எந்தப் பாகம், எதற்குள் எது, எது எதை அடக்குகிறது, எது எதிலிருந்து மாற்றிச் செய்தது என்பதெல்லாம் அதில் உண்டு. பாகத்துக்கு ஒரு நிரந்தர முகவரி உண்டு, பெயர் எப்படி எழுதினாலும் கவலையில்லை. 'இங்கே ஒரு புரோமோட்டர் வரவேண்டும், எது என்று இன்னும் முடிவாகவில்லை' என்பதைக்கூட எழுதிவைக்கலாம். எழுத்து வரிசை பிறகு வரட்டும். வடிவமைப்பு என்பதே அப்படித்தானே நடக்கிறது!

இந்த மொழி பேசும் கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. துண்டுகளை எப்படி ஒட்டினால் செலவு குறையும் என்று கணக்குப் போடும் ஜே5, யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான ஐபயோசிம், பாகங்களைச் சேமித்துப் பகிரும் சின்பயோஹப். எல்லாவற்றையும் விவரித்தால் மலர்க்குழு என்னை விடாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

2016-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த செல்லோ. எம்.ஐ.டி.யின் கிறிஸ்டஃபர் வாய்ட், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் டென்ஸ்மோர் குழுக்களின் வேலை. இதில் நீங்கள் வெரிலாக்கில் எழுதவேண்டும். ஆமாம், இ.சி.இ. ஆட்கள் சிப்புக்கு எழுதும் அதே வெரிலாக்! சாஃப்ட்வேர் அதை நாட், நார் கேட்டுகளாக உடைத்து, ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு மரபணுவைப் பொறுக்கி, கடைசியில் டி.என்.ஏ. வரிசையைக் கக்கும். 60 சர்க்யூட் வரைந்தார்கள். 8,80,000 எழுத்து டி.என்.ஏ. கட்டினார்கள். 45 சர்க்யூட் எல்லா நிலையிலும் சரியாக வேலை செய்தன. மொத்த 412 வெளியீட்டு நிலைகளில் 92 சதவிகிதம் கணித்தபடியே வந்தன. எங்கள் துறையில் நான்கில் ஒன்று பொய்த்தால் மறுநாள் வேலை இருக்காது. உயிருள்ள செல்லுக்குள் இது பெரிய சாதனை.

ஆனால் செல்லோவுக்கு வெரிலாக்கோடு இன்னொரு கோப்பும் கொடுக்கவேண்டும். கேட்டுகளை எந்த வகை பாக்டீரியாவில், எந்த ஊட்டக் கரைசலில், எத்தனை டிகிரியில் அளந்தோம் என்ற விவரக் கோப்பு. என் கண்ணுக்கு இதன் உயிரே அந்தக் கோப்புதான். 2020-ல் ஈஸ்டுக்கு இதே முறையைக் கொண்டுபோனபோது கேட்டுகளையெல்லாம் புதிதாகச் செய்து அளக்கவேண்டியிருந்தது. போல்ட்டு மதுரையில் ஏறினால் மணிலாவிலும் ஏறும். மரபணு அப்படியில்லை. பக்கத்தில் இருக்கிற துண்டு மாறினாலே குணம் மாறும். 'உயிரியலில் ஸ்டாண்டர்டு செல்லாது' என்று பழைய உயிரியலாளர்கள் சொன்னது இதைத்தான். இடத்துக்கு இடம் குணம் மாறும் என்றால், எந்த இடத்தில் அளந்தது என்பதை எழுதிவைக்கும் தேவை கூடுகிறதா, குறைகிறதா?

எழுதிவைக்க யூனிட் வேண்டும். இந்தத் துறையில் ரொம்பக் காலம் ஒளிர்வை 'ஏதோ ஒரு அலகு' என்றுதான் போட்டார்கள். ஒரு கருவியில் 4,000, இன்னொன்றில் 70. எது அதிகம் என்று யாருக்குத் தெரியும்? 2009-ல் கெல்லியும் சகாக்களும் ஒரு வழி சொன்னார்கள். ஜே23101 என்ற ஒரு புரோமோட்டரைப் படிக்கல்லாக வைத்து, மற்றதையெல்லாம் அதன் மடங்காகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னதில் கருவியாலும் சூழ்நிலையாலும் வரும் வேறுபாடு ஏறக்குறையப் பாதி குறைந்தது. 2014, 2015 ஐஜெம் போட்டிகளில் 88 நிறுவனங்களின் மாணவர்கள் ஒரே மூன்று சர்க்யூட்டுகளை அளந்தார்கள். உண்மையான யூனிட்டில் அளக்க முடிந்தவர்கள் வெகு சிலர். மற்றவர்களுடையதை விகிதமாக மாற்றித்தான் ஒப்பிட முடிந்தது. பிறகு 244 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, எத்தனை பாக்டீரியா இருக்கிறது என்று எண்ணும் முறையைச் சோதித்தன. முடிவு 2020-ல் வெளிவந்தது. எண்ணிக்கை தெரிந்த நுண்ணிய சிலிக்கா மணிகளைக் கரைத்து, படிப்படியாக நீர்க்கச் செய்து, கருவியைச் சரிபார்த்துக்கொண்டால் போதும். மணல் மாதிரி ஒரு பொருள், கொஞ்சம் தண்ணீர், பிப்பெட். நம் கல்லூரி லேபிலும் செய்யலாம்.

இதில் உழைத்தவர்களுக்குப் பெரிய பரிசு எதுவும் இல்லை. புது மரபணு சர்க்யூட் கட்டினால் கட்டுரை வரும், வேலை கிடைக்கும். அதன் படிவத்தை ஒழுங்காக நிரப்பினால் என்ன கிடைக்கும்? 'ஏ.சி.எஸ். சிந்தெடிக் பயாலஜி' பத்திரிகை 2016-ல், வடிவமைப்பை எஸ்.பி.ஓ.எல். முறையில் வரைந்தும் கோப்பாகவும் கொடுங்கள் என்று ஆசிரியர்களுக்குப் பரிந்துரை வெளியிட்டது. நான் கேட்டால் பரிந்துரை போதாது, கட்டாயமாக்கவேண்டும் என்பேன். சிப் ஃபேக்டரி கோப்பு சரியில்லாவிட்டால் வாங்கவே வாங்காது. நாங்கள் ஒழுங்காக இருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம், எங்களுக்கு ஒழுக்கம் அதிகம் என்பதால் இல்லை.

நிரப்ப விரும்பினாலும் எல்லாக் கட்டத்தையும் நிரப்ப முடியுமா என்பது வேறு கேள்வி. அதே 2016-ல் கிரெய்க் வென்டர் நிறுவனத்தார் ஒரு பாக்டீரியாவின் மரபணுக்களைக் குறைத்துக்கொண்டே வந்து, உயிர் வாழப் போதுமான அளவுக்கு மட்டும் வைத்து, டி.என்.ஏ. முழுவதையும் ரசாயனமாகக் கட்டி ஓடவிட்டார்கள். சின்3.0 என்று பெயர். மொத்தம் 473 மரபணுக்கள். ஒவ்வொரு எழுத்தும் தெரியும், ஏனென்றால் எழுதியவர்களே அவர்கள்தான். இதற்குப் பாகப் பட்டியல் போட்டால் படத்தில் 473 சிம்பலையும் வரைந்துவிடலாம். 'இது என்ன வேலை செய்கிறது' என்ற கட்டத்துக்கு வந்தபோது 149 மரபணுக்களுக்கு எதிரில் எழுத அன்றைக்கு ஒன்றும் இல்லை. எடுத்துவிட்டால் பாக்டீரியா செத்துப்போகிறது அல்லது நொண்டுகிறது, அது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு சில கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன.